அந்த இளைஞரைக் கேளுங்கள்

பதினோரு வருடம் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்பு பார்த்தேன். நாவல் என்றால் பதினாறு பதினாறு பக்கமாக, பாரம் பாரமாக மேசைக்கு வரும். முதல் புரூஃப், திருத்தம் போட்ட பிறகு இரண்டாவது, அச்சுக்குப் போகும் முன் ஒரு தடவை. ஒரே எழுத்தாளரை இப்படி எழுத்தெழுத்தாக மூன்று தடவை படித்தால் அவர் எங்கே மூச்சு வாங்குகிறார், எங்கே தயங்குகிறார் என்பது நம் கைக்கே தெரிந்துவிடும். அடுத்த சொல் என்னவாக இருக்கும் என்று கண் போவதற்கு முன்பே பேனா போய் நிற்கும்.

அப்படி எனக்கு மனப்பாடமாகிப்போன மூத்த எழுத்தாளர் ஒருவர் இருந்தார். பத்திக்குப் பத்தி 'ஆனாலும்' என்று தொடங்குவார். அவர் கதையில் யாராவது அழுதால் பக்கத்தில் எங்காவது தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருக்கும். ஒரு வருடக் கடைசியில் அலுவலகத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது அவருடைய நடையில் நான்கு பக்கம் எழுதி வாசித்தேன். பதினெட்டு 'ஆனாலும்', ஏழு குழாய். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவரும் அங்கேதான் இருந்தார், சிரித்தார். அடுத்த வாரத்திலிருந்து அவருடைய புரூஃப் என் மேசைக்கு வரவில்லை. ஒரு மாதம் கழித்து மாடிப்படியில் எதிரே வந்தவர் நின்று, கோபமே இல்லாமல் கேட்டார்: "தம்பி, நான் அவ்வளவுதானா?"

என்னிடம் பதில் இல்லை. அந்தக் கேள்வியோடு ரொம்ப நாள் இருந்தேன். அதற்கான பதில் எனக்குக் கிடைத்தது லண்டனில் பிறந்து இத்தாலியில் வாழ்ந்து இறந்த ஓர் எழுத்தாளரிடமிருந்து. மாக்ஸ் பீர்போம். பகடி, அதாவது இன்னொருவர் நடையை எடுத்துக்கொண்டு கேலியாக எழுதுவது, அதில் அவருக்கு மேல் ஒருவரை எனக்குத் தெரியாது.

1872 ஆகஸ்ட் 24ஆம் தேதி லண்டனில் பிறந்தார். அப்பா பால்டிக் கடலோரத்தின் மேமல் என்ற துறைமுக ஊரிலிருந்து வந்த தானிய வியாபாரி. அப்பாவின் முதல் மனைவிக்குப் பிறந்த அண்ணன் ஹெர்பர்ட் பீர்போம் ட்ரீ, மாக்ஸைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர், லண்டன் நாடக மேடையை ஆண்ட நடிகர். அதனால் சின்ன வயதிலேயே பெரிய மனிதர்கள் பேசுவதையும் நடப்பதையும் நடிப்பதையும் பக்கத்திலிருந்து பார்க்கிற வாய்ப்பு மாக்ஸுக்குக் கிடைத்தது. ஆக்ஸ்ஃபோர்டில் மெர்ட்டன் கல்லூரியில் சேர்ந்தார், பட்டம் வாங்காமலே வெளியே வந்தார். அதற்குள் 'தி யெல்லோ புக்' இதழில் கட்டுரை வந்துவிட்டது. 1896இல், இருபத்து நான்காம் வயதில், முதல் புத்தகம். அதற்கு அவர் வைத்த பெயர் 'மாக்ஸ் பீர்போமின் படைப்புகள்'. வாழ்ந்து முடித்தவருக்கு வைக்கிற பெயர் அது. பெரிய மனிதர்களின் பாவனையை எடுத்து மாட்டிக்கொள்வது முதல் அட்டையிலேயே தொடங்கிவிட்டது.

1898இல் 'சாட்டர்டே ரிவ்யூ' வார இதழின் நாடக விமர்சகர் வேலையைப் பெர்னாட் ஷா விட்டுப்போனபோது அந்த நாற்காலிக்கு வந்தவர் மாக்ஸ்தான். 'ஒப்பில்லாத மாக்ஸ்' என்று ஷா எழுதி வரவேற்றார். அந்தப் பட்டம் கடைசிவரை ஒட்டிக்கொண்டது. பன்னிரண்டு வருடம் வாராவாரம் நாடகம் பார்த்து எழுதினார். 1910இல் ஃபுளோரன்ஸ் கான் என்ற அமெரிக்க நடிகையைத் திருமணம் செய்துகொண்டு, வேலையையும் லண்டனையும் விட்டுவிட்டு, இத்தாலியில் ரப்பாலோ என்ற கடலோர ஊருக்குக் குடிபோனார். முப்பத்தெட்டாம் வயதில் யார் இப்படிச் செய்வார்கள் என்று முன்பெல்லாம் நினைப்பேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. அவருடைய மிகச் சிறந்த பகடிப் புத்தகம் வந்தது அங்கே போன பிறகுதான்.

புத்தகத்தின் பெயர் 'எ கிறிஸ்மஸ் கார்லண்ட்', கிறிஸ்துமஸ் மாலை. 1912இல் வந்தது. அன்றைக்கு இங்கிலாந்தில் பெரிய பெயராக இருந்த பதினேழு எழுத்தாளர்கள். ஒவ்வொருவரும் கிறிஸ்துமஸைப் பற்றி எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? மெரிடித், ஹார்டி, வெல்ஸ், செஸ்டர்டன், ஷா, கிப்ளிங், கான்ராட், ஹென்றி ஜேம்ஸ் என்று வரிசையாக வருகிறார்கள். இந்த யோசனை அவருக்குத் திடீரென்று வந்தது இல்லை. 1896லேயே இதே பெயரில், இதே மாதிரியான பகடிகளை இதழில் எழுதிப் பார்த்திருக்கிறார். புத்தகமாகக் கட்டுவதற்கு அதற்குப் பிறகு பதினாறு வருடம்.

முன்னுரை என்று ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருக்கிறார். எழுதக் கற்றுக்கொண்ட காலத்தில் பெரிய எழுத்தாளர்களைக் குரங்கு மாதிரி விடாமல் பின்பற்றிப் பழகியதாக, 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன் சொன்னதை எடுத்துக்கொள்கிறார் மாக்ஸ். தானும் அப்படித்தான் பழகியதாகவும், ஆனால் தான் எடுத்துக்கொண்டது உயிரோடு இருந்தவர்களை என்றும், சில சமயம் எதைத் தவிர்க்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காக அப்படிச் செய்ததாகவும் சொல்கிறார். தன்னுடைய சொந்த நடை ஒருவழியாக உருவாகிவிட்டது, அதற்கு அடையாளமாக இந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். நான் இந்த வரியில் நின்றுவிட்டேன். பகடி எழுதுகிறவனுக்குச் சொந்தக் குரல் இல்லை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். இவர் நேர் எதிராகச் சொல்கிறார். தனக்கென்று ஒரு குரல் இருப்பது உறுதியான பிறகுதான் அதைக் கழற்றி வைத்துவிட்டு இன்னொருவர் குரலுக்குள் போக முடியும்.

புத்தகத்தில் முதலில் வருவது நாவலாசிரியர் ஹென்றி ஜேம்ஸ். கதை என்று பார்த்தால் ஒன்றும் இல்லை. கீத், ஈவா என்று இரண்டு குழந்தைகள். கிறிஸ்துமஸ் காலை. கட்டில் காலடியில் பரிசுகளோடு இரண்டு காலுறைகள் தொங்குகின்றன. எட்டிப் பார்க்கலாமா, கூடாதா? அவ்வளவுதான் சிக்கல். அதைச் சுற்றி ஜேம்ஸின் பிற்கால நாவல்களில் வருவது போன்ற மாபெரும் ஒழுக்க விசாரணை நடக்கிறது. முதல் வாக்கியத்தைத் தமிழில் போட்டுப் பார்க்கிறேன்:

'அவனைப் பொறுத்தவரையில் மிகவும் மறக்க முடியாத ஏதோ ஒன்று என்ற உணர்வோடுதான் அவன் இப்போது உடனடி எதிர்காலத்துக்குள் உற்றுப் பார்த்தான். முன்கூட்டியே அதை எந்த இடத்தில் விட்டிருந்தானோ அந்த இடத்திலிருந்து, உறுத்தல் இல்லாமல் இல்லை, அதை மறுபடி எடுத்துக்கொள்ள முயன்றான்.'

இதை மொழிபெயர்க்க நான்கு நாள் பிடித்தது. இன்னமும் திருப்தி இல்லை. ஜேம்ஸ் என்ன செய்வார் என்றால், ஆங்கிலத்தில் இயல்பாகச் சேர்ந்து வர வேண்டிய இரண்டு சொற்களுக்கு நடுவே கையை நீட்டித் தடுத்து, ஒரு 'அவனுக்கு', ஒரு 'சொல்லப்போனால்' என்று செருகுவார். படிப்பவன் காத்திருக்க வேண்டும். தமிழில் இந்த வித்தை பலிக்காது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். காத்திருப்பது நமக்குப் பழக்கம். எத்தனை எச்சங்களை அடுக்கினாலும் தமிழ் வாசகன் முகம் சுளிக்க மாட்டான். ஜேம்ஸைத் தமிழில் பகடி செய்ய வேண்டுமென்றால் அவருடைய காற்புள்ளிகளைக் கொண்டுவந்து பயன் இல்லை, வேறு ஏதோ செய்ய வேண்டும். அது என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மாக்ஸ் உண்மையில் என்ன செய்திருக்கிறார் என்பது தெரிந்தது.

அந்த வாக்கியத்தின் உயிர் காற்புள்ளியில் இல்லை, 'முன்கூட்டியே விட்டிருந்தான்' என்பதில் இருக்கிறது. இனிமேல்தான் வரப்போகிற ஒரு நேரத்தை எப்படி முன்பே பாதியில் விட்டிருக்க முடியும்? ஜேம்ஸின் மனிதர்களால் முடியும். அவர்கள் நடக்கப்போவதை எல்லாம் மனதுக்குள் நடத்திப் பார்த்து, பாதியில் நிறுத்தி, பிறகுதான் நிஜத்துக்கு வந்து சேர்வார்கள். அதனாலேயே நிஜத்தில் வாழாமல் போய்விடுகிறவர்கள். ஜேம்ஸ் பெரிய பெரிய நாவல்களில் நூறு நூறு பக்கமாகச் சொன்ன துயரம் அது. அதை மாக்ஸ் ஒரு காலுறையின் முன்னால், ஒரே வாக்கியத்தில், சிரிப்பாக வைத்துவிட்டார். வாக்கியப் பழக்கத்தை மட்டும் பார்த்தவரால் இதை எழுத முடியாது. அந்த மனம் ஏன் அப்படிப் பேசுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

இதே விஷயத்தை அவர் படமாகவும் வரைந்திருக்கிறார். மாக்ஸ் எழுத்தாளர் மட்டும் அல்ல, இரண்டாயிரத்துக்கும் மேல் கேலிச்சித்திரங்கள் வரைந்தவர். அவற்றில் ஒன்றில், ஓட்டல் அறைக் கதவுக்கு வெளியே பருத்த உடம்போடு மண்டியிட்டிருக்கிறார் ஹென்றி ஜேம்ஸ். வாசலில் ஓர் ஆணின் காலணிகள், ஒரு பெண்ணின் காலணிகள். அந்தக் காலத்து ஓட்டல்களில் பாலிஷ் போடுவதற்காக இரவில் வெளியே வைப்பார்கள். ஜேம்ஸ் கதவைத் தட்டவில்லை. ஒன்றும் கேட்கவும் இல்லை. அந்தக் காலணிகளை வைத்து உள்ளே என்ன என்று முழுக் கவனத்தோடு ஊகித்துக்கொண்டிருக்கிறார். எட்டிப் பார்க்கலாமா கூடாதா என்ற அதே கேள்வி.

ஆட்களை எதிரே உட்கார வைத்து வரையக் கூடாது என்பது மாக்ஸின் கொள்கை. 1901இல் கேலிச்சித்திரக் கலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மனிதரைப் பார்த்துவிட்டு வந்து, மூசையில் உலோகத்தை உருக்குவது போல மனதுக்குள் அவரை முழுவதும் உருக்கி, அந்தக் குழம்பிலிருந்து புதிதாக வார்க்க வேண்டும் என்கிறார் அதில். மூக்கை மட்டும் நீட்டினால் போதாது. ஒன்று மாறினால் எல்லாமே அதற்கேற்ப மாற வேண்டும். இதைப் படித்தபோது எனக்கு என் பதினெட்டு 'ஆனாலும்' ஞாபகம் வந்தது. நான் நீட்டியது மூக்கை மட்டும்தான்.

சரி, ஜேம்ஸ் என்ன சொன்னார்? எட்மண்ட் காஸ் என்ற விமர்சகர் மாக்ஸுக்கு எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. ஜேம்ஸ் தன் வீட்டில் சாப்பிட வந்ததையும், தானாகவே இந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததையும் காஸ் எழுதுகிறார். ரொம்ப நாளாக இங்கிலாந்தில் இவ்வளவு புத்திசாலித்தனமான புத்தகம் வரவில்லை என்றாராம் ஜேம்ஸ். ஆனால் எழுத்துத் தொழிலையே மாக்ஸ் கெடுத்துவிட்டார் என்றும் சொன்னாராம். இனிமேல் தங்களில் யார் எதை எழுதினாலும், மாக்ஸைச் சரியாகக் காப்பியடிக்கத் தெரியாமல் எழுதியது போல இருக்குமாம். இன்னொரு கதையும் சொல்வார்கள். ஒரு விருந்தில் ஒரு பெண்மணி ஜேம்ஸிடம் ஏதோ ஒன்றைப் பற்றி அவர் கருத்தைக் கேட்டாராம். ஜேம்ஸ் மாக்ஸின் பக்கம் கையைக் காட்டி, 'அந்த இளைஞரைக் கேளுங்கள். என் உள்ளத்தின் ஆழத்தில் இருப்பதெல்லாம் அவர் வசம் இருக்கிறது' என்றாராம்.

கான்ராடின் பதில் எனக்கு இதைவிடப் பிடிக்கும். அவரைப் பற்றிய பகடியின் தலைப்பு 'விருந்து'. வெப்ப மண்டலக் காடு, ஆற்றங்கரையில் ஒரு குடிசை, உள்ளே ஒரு வெள்ளைக்கார வியாபாரி, கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. கிராமத்தில் விருந்துக்கு ஏற்பாடு நடக்கிறது. விருந்தே அவர்தான். காட்டு மரங்கள் எப்படி இருந்தன என்றால், பைத்தியக்காரன் ஒருவன் கறுப்புக் காகிதத்தில் வெட்டிய உருவங்களை நீல எஃகுத் தகட்டின் மேல் வைத்து, கட்டைவிரலால் எரிச்சலோடு இப்படியும் அப்படியும் தள்ளுவதைப் போல இருந்தனவாம். கான்ராடின் ஆரம்பகாலக் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்த உவமை எந்த மண்ணில் முளைத்தது என்று உடனே தெரியும். ஒருபுறம் சிரிப்பு வருகிறது, இன்னொருபுறம் அந்த உவமை அசலாகவே நன்றாக இருக்கிறது.

பின்னால் தன் பழைய கதைத்தொகுப்பு ஒன்றுக்குக் குறிப்பு எழுதும்போது கான்ராட் இதை நினைவுகூர்கிறார். தன் கதையை மாக்ஸ் மிக இனிமையாகப் பகடி செய்ததைப் பார்க்கும் அளவுக்குத் தான் வாழ்ந்துவிட்டதாகவும், அந்தப் புத்தகத்தில் நல்ல கூட்டாளிகளோடு இருக்கக் கண்டதாகவும், பெரும் மகிழ்ச்சி அடைந்ததாகவும் எழுதிவிட்டு, 'பொதுவெளியில் நான் இருக்கிறேன் என்று நம்பத் தொடங்கினேன்' என்கிறார். கான்ராட் போலந்துக்காரர். போலிஷ், பிரெஞ்சு எல்லாம் தாண்டி, கப்பல் வேலைக்கு வந்த பிறகு கற்றுக்கொண்ட ஆங்கிலத்தில் எழுதியவர். அந்த மொழியில் தனக்கென்று ஒரு நடை இருக்கிறதா என்ற சந்தேகம் அப்படிப்பட்ட ஒருவருக்கு எத்தனை ஆழமாக இருந்திருக்கும்! இன்னொருவர் எடுத்துப் போட்டுப் பார்க்கிற அளவுக்கு அந்தச் சட்டை தன்னுடையதுதான் என்று மாக்ஸ் அவருக்குக் காட்டிவிட்டார். விமர்சகர்கள் எத்தனை பாராட்டு எழுதினாலும் இது கிடைக்காது.

ஆனால் மாக்ஸ் எல்லோருக்குள்ளும் இப்படிப் போகவில்லை. கிப்ளிங்கை அவருக்குப் பிடிக்காது. அந்த அதிகாரப் பெருமையையும், அடிதடியை ஆண்மையாகக் கொண்டாடுவதையும் அவரால் சகிக்க முடியவில்லை. கிப்ளிங்கைத் திரும்பத் திரும்பக் கேலிச்சித்திரம் வரைந்தார். இந்தப் புத்தகத்தில் கிப்ளிங்குக்காக எழுதியதில், ஜட்லிப் என்ற போலீஸ்காரர் இரவு ரோந்து போகிறார். கூடவே போகிற கதைசொல்லி அவரை வாய் பிளந்து ரசிக்கிறான். புகைபோக்கியிலிருந்து ஒரு கிழவர் வெளியே வருகிறார். பிடித்துக் கேட்டால், "நான் சாண்டா கிளாஸ் ஐயா, விட்டுவிடுங்கள்" என்று நடுங்குகிறார். உடனே கதைசொல்லி கத்துகிறான்: "விடாதே! அவன் ஜெர்மன்காரன்!" பூமியில் சமாதானம், மனிதர்மேல் பிரியம் என்று கிழவர் முனகுகிறார். அதெல்லாம் புதிய ஏற்பாடு, எங்கள் போலீஸ் நூலகத்தில் பழைய ஏற்பாடு மட்டும்தான் என்று சொல்லி மூட்டையைத் தூக்க வைத்து இழுத்துப் போகிறார் ஜட்லிப்.

படிக்கப் படிக்கச் சிரிப்பு வரும். குறி தப்பாத அடி. முதல் உலகப்போருக்கு இரண்டு வருடம் முன்பு வந்த புத்தகத்தில் அந்த 'ஜெர்மன்காரன்' என்ற சத்தம் இன்றைக்குப் படித்தாலும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. ஆனாலும் அது வெளியிலிருந்து விழுந்த அடி. கிப்ளிங்குக்குள் ஒரு குழந்தை இருந்தது, தனிமை இருந்தது, கருவிகள்மீதும் வேலை தெரிந்தவர்கள்மீதும் உண்மையான மரியாதை இருந்தது. அதில் எதுவும் இந்தப் பகடிக்குள் வரவில்லை. பிடிக்காத ஒருவரை மாக்ஸாலேயே முழுதாக எழுத முடியவில்லை. கிப்ளிங் இதைப் படித்திருந்தால் என் எழுத்தாளர் கேட்ட கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

அப்புறம், அச்சில் வராத பகடிகள். தன் அலமாரியில் இருந்த புத்தகங்களின் முதல் பக்கத்தில், அவற்றை எழுதியவர்களே தனக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல எழுதி வைப்பார் மாக்ஸ். நாடக ஆசிரியர் இப்சனின் புத்தகம் ஒன்றில், ஆங்கிலம் சரியாக வராத நார்வேக்காரர் ஒருவர் தட்டுத்தடுமாறி எழுதியது போல, 'எவருடைய எழுத்துகள் மகிழ்ச்சியால் நிரப்புகிறது என்னை' என்று ஒரு சமர்ப்பணம். விக்டோரியா மகாராணியின் நாட்குறிப்புப் புத்தகத்தில் மகாராணியே கைப்பட எழுதியது போல ஒன்று: 'எவ்வளவு படித்தாலும் போதாத எழுத்தாளர் திரு. பீர்போமுக்கு', மறைந்த கணவர் ஆல்பர்ட்டும் மேலிருந்து அவரை அன்போடு பார்க்கிறார் என்று நம்புகிறாராம். இதெல்லாம் காசுக்கோ பெயருக்கோ செய்தது இல்லை. ராத்திரி வீட்டில் உட்கார்ந்து, ஒரு புத்தகத்தை எடுத்து, அதை எழுதியவர் குரலில் தனக்குத் தானே நான்கு வரி எழுதிக்கொள்கிற மனிதரை நினைத்துப் பார்க்கிறேன். வாசகன் என்றால் அதுதான் வாசகன்.

1919இல் வந்த 'செவன் மென்' புத்தகத்தில் இருக்கிற 'எனாக் சோம்ஸ்' கதையைச் சொல்லாமல் போக முடியாது. சோம்ஸ் ஒரு மூன்றாந்தரக் கவிஞர், தன்னை மேதை என்று நம்புகிறவர். நூறு வருடம் கழித்துத் தன் பெயர் நூலகப் பட்டியலில் எப்படி நிற்கிறது என்று பார்ப்பதற்காகச் சாத்தானிடம் ஆத்மாவை விற்கிறார். 1997 ஜூன் 3, பிற்பகல், பிரிட்டிஷ் மியூசியம் வாசகசாலை. போய்த் தேடினால் அவரைப் பற்றிய குறிப்பு ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது: மாக்ஸ் பீர்போம் என்பவர் எழுதிய கதையில் வரும் கற்பனைப் பாத்திரம் என்று. அந்த எதிர்காலத்துப் புத்தகத்தின் எழுத்துக்கூட்டலைக்கூட மாக்ஸ் பகடி செய்திருக்கிறார், எல்லாச் சொல்லும் ஒலிக்கிறபடியே எழுதப்பட்டிருக்கும். இதைவிடப் பெரிய விஷயம், 1997இல் நிஜமாகவே அந்தத் தேதி வந்தபோது, அந்த வட்ட வாசகசாலையில் சோம்ஸ் வருகிறாரா என்று பார்ப்பதற்காகச் சில வாசகர்கள் போய் நின்றார்கள். அதே வருடம் அக்டோபரில் அந்த வாசகசாலை மூடப்பட்டது. யாருமே படிக்காத ஒரு கவிஞரை வரவேற்க ஆட்கள் வந்து நின்றார்கள் என்பதை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. சோம்ஸ் முழுக் கற்பனை. அவருடைய அசட்டுக் கவிதைகளை எழுதியது மாக்ஸ். அந்த மோசமான கவிதைகளுக்குள்ளேயும் ஓர் ஆளை உட்கார வைத்திருந்தார்.

பிற்காலத்தில் மாக்ஸ் அதிகம் எழுதவில்லை. 1935 முதல் பிபிசி வானொலியில் பேசினார், குரலுக்காகவே ஜனங்கள் கேட்டார்கள். 1939இல் சர் பட்டம் வந்தது. இரண்டு உலகப்போர் காலங்களிலும் இங்கிலாந்தில் இருந்துவிட்டு மறுபடி ரப்பாலோவுக்கே போனார். 1951இல் ஃபுளோரன்ஸ் இறந்தார். அதற்குப் பிறகு தன்னைக் கவனித்துக்கொண்ட எலிசபெத் யுங்மனைச் சாவதற்குச் சில வாரங்களுக்கு முன் மணந்துகொண்டார். 1956 மே 20ஆம் தேதி, எண்பத்து மூன்று வயதில் காலமானார். அஸ்தி லண்டன் புனித பவுல் பேராலயத்தில் இருக்கிறது. தன்னைப் பற்றிப் புத்தகம் எழுத வந்த ஒருவருக்கு அவர் எழுதிய கடிதத்தில், தனக்குக் கிடைத்த திறமைகள் சிறியவை, அவற்றை மீறி இழுக்காமல் அளவாகவும் நன்றாகவும் பயன்படுத்திக்கொண்டேன் என்ற பொருளில் ஒரு வரி வரும். சிறிய திறமை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஜேம்ஸ் எழுதிய நாவல்களை ஜேம்ஸ் ஒருவரால் எழுத முடிந்தது. ஜேம்ஸுக்குள் போய் உட்கார்ந்து, ஒரு பொருளையும் களவாடாமல் வெளியே வந்தவர் மாக்ஸ் ஒருவர்தான்.

போன வருடம் அந்த மூத்த எழுத்தாளரின் நாவலை மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை பிழை தேடவில்லை. எழுபதாவது பக்கம் தாண்டிய பிறகுதான் அந்த 'ஆனாலும்' என்னவென்று புரிந்தது. அவர் யாரையும் முழுதாகக் குற்றம் சொல்ல முடியாதவர். ஒரு பத்தியில் ஒருவனைத் திட்டிவிட்டால் அடுத்த பத்தியில் அவன் பக்கம் போய் நிற்பார். அங்கே போகிற கதவுதான் 'ஆனாலும்'. தண்ணீர்க் குழாய் ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஒரு பக்கம் எழுதினேன். மாமியாருக்குச் சோறு போடாத ஒரு மருமகள், மத்தியானம், சமையலறை. 'ஆனாலும்' ஒரே ஒரு தடவை, கடைசிக்கு முந்தின பத்தியில் வந்தது. குழாய் இல்லை. எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். பார்வை மங்கிவிட்டதால் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தாளை முகத்துக்குக் கிட்டே பிடித்து வாசித்தார். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து வாசித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நடுவில் ஒரு சொல்லை அடித்தார்.

"இந்த இடத்துல நான் 'அவள்'னு போட மாட்டேன் தம்பி. பேரைச் சொல்லித்தான் எழுதுவேன். அவளுக்கு ஒரு பேர் வை."